கூரைத் தண்ணீர்

யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் பெரிய தெருவிலிருந்து உள்ளே போகும் மணல் ஒழுங்கையின் முடிவில் ஆழ்வாப்பிள்ளையின் வளவு இருந்தது. ஓட்டு வீடு. முன்னால் கிணறு. வீட்டைப் பற்றி அவர் ஒருவருக்கும் பெருமை சொன்னதில்லை. கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் இல்லை.

அயலில் உள்ள கிணறுகளில் கோடையில் சவர் தட்டும், உப்புக் கரிக்கும். இதில் தட்டாது. கலியாண வீடுகளுக்குத் தேநீர் வைக்க இங்கிருந்துதான் தண்ணீர் போகும். அவருடைய தங்கையைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் கிணற்றடியில் ஒரு செம்பு வாங்கிக் குடித்தபிறகுதான் சம்மதம் சொன்னார்கள் என்று மனைவி நல்லம்மா பகிடி பண்ணுவாள். அவர் சிரிக்கமாட்டார். உண்மைதானே என்பார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, மேற்கே வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. மழையும் கூட நடந்தது. விடிந்தபோது ஒழுங்கை நிறையச் சனம். ஆழ்வாப்பிள்ளை வாசல் படலையைக் கழற்றி வேலியில் சாத்தினார். யார் எவர் என்று கேட்கவில்லை. கிணற்றடியில் நின்று தானே அள்ளி ஊற்றினார். கை ஓய்ந்தபோது வாளியை விட்டுக் கொடுத்தார். அந்த வாளியைத் தொடுவதற்கு அவருடைய தகப்பன் காலத்தில் சாதி பார்த்தார்கள். அவர் காலத்திலும் பார்த்தார்கள். அன்றைக்கு எல்லாக் கையும் தொட்டது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பலர் மேலே நடந்து போனார்கள். சில குடும்பங்கள் தங்கின. மாட்டுக்கொட்டிலில் வேறு சிலரோடு நீர்வேலியிலிருந்து வந்த சோமசேகரமும் மனைவி பத்மாசினியும் அவர்களுடைய கைக்குழந்தையும். சோமசேகரம் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிறவர். விறாந்தையின் மேற்கு மூலையில் கனிசியஸும் யசிந்தாவும். தீவுப் பகுதிக் கடற்கரை ஆட்கள். முன்பு ஒருமுறை தீவிலிருந்து எழும்பிக் குருநகருக்கு வந்தவர்கள், இப்போது அங்கிருந்தும் எழும்பி வந்திருந்தார்கள். கனிசியஸ் அதிகம் கதைக்கமாட்டான். அவனுடைய பங்கையும் சேர்த்து யசிந்தா கதைப்பாள்.

ஆண்கள் பின்வளவில் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டிக் கக்கூசுக்குக் குழி வெட்டினார்கள். மழை விடவில்லை. கிணற்றில் தண்ணீர் ஏறி, கட்டுச் சுவரில் இருந்து குனிந்தால் செம்பில் அள்ளலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆழ்வாப்பிள்ளைக்குப் புளுகம், சந்தோஷம் தாளவில்லை. வந்த சனத்தைக் கிணறு அறிந்து வரவேற்கிறது என்பதுபோல ஒரு நினைப்பு.

யசிந்தா அவரிடம் வந்தாள்.

"ஐயா, பின்னாலை குழியிலையும் தண்ணி மேலை நிக்குது. இஞ்சை கிணத்திலையும் மேலை நிக்குது. நடுவிலை கிடக்கிறது வெறும் மணல்."

அதற்கென்ன என்று அவர் கேட்டார். குடிக்கிறதுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று தான் நினைப்பதாக அவள் சொன்னாள்.

அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. "உமக்கு உங்கடை உப்புக் கிணறுதான் தெரியும்" என்றார். "இது ஊத்து."

"அப்ப கிணறு உங்களுக்கு. எனக்குக் கூரையைத் தாங்கோ."

"புறா எச்சம் கழுவின தண்ணியோ?"

"கூரையிலை கிடக்கிற எச்சம் கண்ணுக்குத் தெரியும், ஐயா. பாத்துக் கழுவலாம். கிணத்துக்கை கிடக்கிறதை ஆர் பாக்கிறது?"

கொட்டில் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை கூரையைத் தந்தேன் என்று சொல்லாமலே உள்ளே போனார். இல்லை என்றும் சொல்லவில்லை. அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

விறாந்தைத் தாழ்வாரத்தில் கூரைத் தண்ணீரை ஏந்தும் தகரப் பீலி ஒன்று இருந்தது. இலைகுழை அடைத்து, மழை பெய்தால் நடுவில் வழியும். கனிசியஸ் ஏணி வைத்து ஏறி ஓட்டில் கிடந்த சருகையும் பாசியையும் தும்புக்கட்டையால் தேய்த்துத் தள்ளினான். பீலியைக் கழற்றிக் கழுவி மறுபடி கட்டினான். பிறகு குழிக்கு எட்ட, வேலியோர மேட்டில் ஒருவரும் நடவாத இடத்தில் முழங்காலளவு தோண்டி அடி மணலை எடுத்து வந்தான். யசிந்தா அதை மழைத் தண்ணீரில் அலசினாள். கலங்கலை ஊற்றினாள். மறுபடி அலசினாள். மணலைக் கழுவுகிற பெண்ணை ஆழ்வாப்பிள்ளை அதுவரை கண்டதில்லை. அரிசி களைவதுபோலத்தான் களைந்தாள். கல் பொறுக்கினாள்.

பானைகள் நல்லம்மாவிடமிருந்து வந்தன. அதை அவர் பிறகுதான் அறிந்தார். துணி தேய்க்கும் ஸ்திரிக்கைப் பெட்டிக்கென்று நல்லம்மா சேர்த்து வைத்த சிரட்டைக்கரி முழுவதும் போயிருந்தது. கோயிலுக்குக் கட்டும் அவருடைய பழைய வேட்டியும் போயிருந்தது. அது நாலாக மடிந்து பானை வாயில் கட்டியிருக்கக் கண்டார்.

"என்ரை வேட்டியெல்லே உது?"

"ஓம். துவைச்சுத்தான் குடுத்தனான்" என்றாள் நல்லம்மா.

பானைகள் ஒன்றின்மேல் ஒன்றாக முக்காலிகளில் நின்றன. மேற்பானையின் அடியில் ஆணியால் போட்ட துளை. துளைக்குமேல் தென்னந்தும்பு, அதன்மேல் சல்லிக்கல், சல்லிக்குமேல் இடித்த கரி, கரிக்குமேல் மணல், எல்லாவற்றுக்கும்மேல் வேட்டி. பீலித் தண்ணீர் முதலில் வீட்டுப் பரலுக்கு, அந்தப் பெரிய பீப்பாய்க்கு, போகும். பரலில் மண்டி அடைந்தபிறகு மேலால் அள்ளி வேட்டியில் ஊற்றுவாள். கீழ்ப்பானையில் துளித்துளியாக விழும்.

முதலில் விழுந்தது மை போலக் கறுப்பு. வளவு முழுவதும் கூடி நின்று பார்த்தது. ஆழ்வாப்பிள்ளை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். யசிந்தாவுக்கு முகம் கறுக்கவில்லை. கரி இன்னும் கழுவுப்படவில்லை என்றாள். மறுபடி ஊற்றினாள், மறுபடியும் ஊற்றினாள். பார்த்தவர்கள் அலுத்துக் கலைந்தார்கள். பின்நேரம் அவர் சும்மா அந்தப் பக்கம் போவதுபோலப் போனார். கீழ்ப்பானையில் தண்ணீர் நின்றது. பானையின் அடியில் இருந்த கீறல் தெரிந்தது.

அதையும் அவள் குடிக்க விடவில்லை. அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தாள். குமிழி வந்ததும் இறக்கவில்லை, நன்றாகத் தளதளக்க விட்டாள். ஆறியபின் ஒரு பானையிலிருந்து மற்றப் பானைக்கு உயர்த்தி ஊற்றி ஆற்றினாள். அப்படிச் செய்தால்தான் செத்த தண்ணிக்கு உயிர் வரும் என்றாள். நீளப் பிடி வைத்த சிரட்டை அகப்பை ஒன்று பானைக்குமேல் தொங்கியது. அதால்தான் எடுக்கலாம். தண்ணீர் குடிக்கும் பேணியைப் பானைக்குள் விட்ட ஒரு கிழவருக்கு அவள் கொடுத்த பேச்சு ஒழுங்கை முடக்கு வரை கேட்டது. அந்தப் பானைத் தண்ணீர் அத்தனையையும் வாழைக்கு ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

சில குடும்பங்கள் அவளிடம் வாங்கத் தொடங்கின. நல்லம்மாவும் வாங்கினாள். ஆழ்வாப்பிள்ளை கிணற்றுத் தண்ணீரையே குடித்தார், எல்லாரும் பார்க்கக் குடித்தார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கேடாகப் போயிற்று.

சோமசேகரமும் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். இருக்க இடம் தந்த மனிதர் குடிக்கிற தண்ணீரை விட்டு வேறு தண்ணீர் குடிப்பது மரியாதை இல்லை என்று மனைவிக்குச் சொன்னாராம். பத்மாசினியும் குடித்தாள்.

பிறகு ஒருநாள் கொட்டிலில் இருந்த பெண் ஒருத்தி, கிணற்றுத் தண்ணீரில் ஏதோ மணக்கிறது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆழ்வாப்பிள்ளைக்குக் கேட்டது. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் எழும்பிக் கிணற்றை இறைக்கப் போவதாகச் சொன்னார்.

கிணறு இறைப்பது ஆடி ஆவணியில். ஊற்றுச் சுருங்கியிருக்கும் காலத்தில் அடிவரை இறைத்துச் சேறெடுத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவார்கள். கார்த்திகையில் ஒருவரும் இறைப்பதில்லை. நல்லம்மா அதைச் சொன்னாள். அழுக்கு வந்தால் இறைக்கத்தானே வேண்டும் என்றார் அவர். ஊரில் தண்ணீர் கெட்டால் வேறென்ன செய்கிறது? அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

வளவில் இருந்த ஆண்கள் எல்லாரும் வந்தார்கள். உண்ட சோற்றுக்குச் செய்யும் கைம்மாறாக அதை எடுத்துக்கொண்டார்கள். கிணற்று ஏற்றமான துலாவை மாறி மாறி இழுத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்தும் வாளி வந்தது. தண்ணீர் வாய்க்காலில் ஓடி ஒழுங்கையை நிறைத்தது. ஊற்று விடவில்லை, அவர்களும் விடவில்லை. மத்தியானமளவில் கிணறு ஓர் ஆள் அளவு இறங்கியது. சோமசேகரம் பின்பக்கம் போய்வந்து, தொண்டையைச் செருமி, குழித் தண்ணீரும் நன்றாக இறங்கிவிட்டது என்று நல்ல செய்தியாகச் சொன்னார். குழி சில நாளாக நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் ஆறுதல். யசிந்தா அப்போது அங்கே இல்லை. சந்தையில் பானை கிடைக்குமா என்று பார்க்கப் போயிருந்தாள்.

பின்நேரம் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறி நின்றது. கண்ணாடி போல இருந்தது. ஆழ்வாப்பிள்ளை முதற் செம்பை அள்ளிக் குடித்தார். அடுத்த செம்பைச் சோமசேகரத்திடம் கொடுத்தார். அவர் பாதி குடித்து மீதியைப் பத்மாசினிக்குக் கொடுத்தார்.

பத்மாசினிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. கூடவே சத்தி, குடித்ததெல்லாம் வாயால் வந்தது. முதல் நாள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மறுநாள் அவளால் எழும்ப முடியவில்லை. குழந்தைக்குப் பால் இல்லை. அவளுடைய கண் உள்ளே போய்விட்டது. கொட்டிலில் இன்னும் இரண்டு பேருக்குத் தொடங்கியிருந்தது.

ஆழ்வாப்பிள்ளை வண்டில் கட்டினார். வைத்தியம் நடந்த பள்ளிக்கூடத்தில் வாங்குப் பலகைகளிலும் நிலத்திலும் ஆட்கள் கிடந்தார்கள். டொக்டர் இளம் ஆள், நித்திரை இல்லாத முகம். பத்மாசினியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். சேலைன் முடிந்துவிட்டது என்றார். கரைத்துக் கொடுக்கும் மருந்துப் பைக்கற்றுகளைச் சோமசேகரத்தின் கையில் வைத்தார். கரண்டி கரண்டியாக, விடாமல், இரவு பகல் கொடுக்க வேண்டும். கொதித்தாறிய சுத்தமான தண்ணீர் வேண்டும், குடம் கணக்கில் வேண்டும். கெட்ட தண்ணீரில் கரைத்தால் கொடுக்காமல் விடுவது மேல். எந்தத் தண்ணீர் குடித்தவர்கள் என்று கேட்டார்.

"நல்ல கிணறு, டொக்டர்" என்றார் சோமசேகரம். ஆழ்வாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காகச் சொன்ன சொல் அது. ஆழ்வாப்பிள்ளைக்கு அது விளங்கியது.

வளவுக்கு வந்ததும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. பின்பக்கம் போனார். குழி மறுபடி நிரம்பியிருந்தது. பக்க மணல் ஒரு முழத்துக்குச் சரிந்திருந்தது. இறைத்த அன்று தண்ணீர் இறங்கியபோது சரிந்த மணல். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கிய தண்ணீர் எங்கேயோ போயிருக்க வேண்டும். மண்ணுக்குள் போனது என்று அன்றைக்கு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். இழுத்தது யார்? துலாவில் நின்றது யார்?

கிணற்றடிக்கு வந்தார். துலாக் கயிற்றை அவிழ்த்தார். வாளியைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு விறாந்தை மூலைக்குப் போனார்.

"பிள்ளை, தண்ணி வேணும்" என்றார்.

அதுவரை அவளை நீர், உமக்கு என்றுதான் சொல்லிவந்தார்.

எவ்வளவு என்று கேட்டாள் யசிந்தா. அந்தப் பெண் பிழைக்கிற மட்டும் என்றார் அவர். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சொல்லிக்காட்டவும் இல்லை. கையில் இருந்த கணக்கைச் சொன்னாள். கொதித்தாறியது ஒரு பானை. பரலில் பாதிக்கும் குறைவு. முதல்நாளிலிருந்து மழை விட்டிருந்தது. விறகு எல்லாம் ஈரம், புகைதான் வருகிறது.

அடுப்படிக் குசினியைப் பெருப்பிக்கவென்று அவர் கூரைக்குப் பனஞ்சலாகைகள் அறுப்பித்து வீட்டு முகட்டின் கீழ் அடுக்கி வைத்திருந்தார். ஏறி இறக்கினார். கோடாலி எடுத்துத் தானே பிளந்தார். வைரம் பாய்ந்த மரம், சத்தம் கணீர் என்று கேட்டது. நல்லம்மா வந்து பார்த்துவிட்டு பிளந்ததைப் பொறுக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

அந்த ஒரு பானையை யசிந்தா பத்மாசினிக்கென்றும் மற்ற இரண்டு நோயாளிகளுக்கென்றும் மூடி வைத்தாள். மற்றவர்களுக்குக் கொதித்தது ஆறினால்தான் தண்ணீர். அவளும் குடிக்கவில்லை. கனிசியஸ் உதட்டை நக்கிக்கொண்டு விறகு ஊட்டினான். பத்மாசினியின் தலையை மடியில் வைத்து நல்லம்மா கரண்டியால் ஊற்றினாள். சத்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றினாள். பரலின் அடி தெரியத் தொடங்கியது. அடியில் கிடந்த மண்டியை யசிந்தா தொடவில்லை.

விடியப்புறம் இடித்தது. மழை ஒரே பாட்டமாக இறங்கியது. பீலியிலிருந்து கயிறு மாதிரித் தண்ணீர் கொட்டியது. ஆழ்வாப்பிள்ளை ஓடிப்போய்ப் பரலின் மண்டியைக் கொட்டி, உருட்டிப் பீலிக்குக் கீழே வைத்தார்.

யசிந்தா காலால் பரலைத் தள்ளிவிட்டாள்.

அவர் வளவில், அவர் பரலை, அவர் கண்ணுக்கு முன்னால் ஒருவரும் காலால் தள்ளியதில்லை. தண்ணீர் வெறும் நிலத்தில் விழுந்து ஓடியது. வளவு முழுவதும் எழும்பி நின்று பார்த்தது. கொட்டிலிலிருந்து சோமசேகரம் வந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, மழை விட்டுவிடும், பிடியுங்கள் என்றார். தொண்டையைச் செருமவில்லை.

"பொறுங்கோ தம்பி. உது கூரையைக் கழுவுற தண்ணி."

"விட்டிடப் போகுது அக்கா..."

"விட்டால் நான் என்ன செய்யிறது? உதைக் குடுத்துத்தான் உம்மடை மனிசியைச் சாக்காட்டோணுமோ?"

அவள் வெள்ளைக் கோப்பை ஒன்றைப் பீலிக்கு நேரே பிடித்தாள். அதில் விழுந்ததைச் சரித்துப் பார்த்து ஊற்றினாள். தேநீர் நிறம். மறுபடி பிடித்தாள். மழை தணிவதுபோல இருந்தது. ஆழ்வாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்த்தாள். நனைந்த தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. நானாக இருந்தால் பிடித்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்தது. இங்கே நின்ற எவனும் பிடித்திருப்பான். தண்ணீர் இல்லாத ஊரில் வளர்ந்தவள்தான் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"இப்ப வையுங்கோ" என்றாள்.

அவர் பரலைத் தூக்கி வைத்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பரல் நிரம்பியது. நல்லம்மா நெல் அவிக்கும் கிடாரம் கொண்டுவந்தாள். அதுவும் நிரம்பியது.

அன்றைக்கு முழுவதும் ஆழ்வாப்பிள்ளை அவள் சொன்னதைச் செய்தார். அள்ளு என்றால் அள்ளினார். வேட்டியைக் கழற்றிப் பிழிந்து கட்டு என்றால் கட்டினார். மேல் மணலில் படிந்த களிம்பை எப்படி வழித்தெடுப்பது என்று கேட்டு வழித்தெடுத்தார். மற்ற ஆண்களைக் கூட்டிக்கொண்டுபோய், வளவின் பள்ளப் பக்கத்தில், கிணற்றிலிருந்து போகக்கூடிய அளவு தள்ளி, ஆழமில்லாமல் வேறு குழி வெட்டிப் பழையதை மூடினார். மாலையில் பத்மாசினி சத்தி எடுக்கவில்லை. மறுநாள் அவளுக்குச் சிறுநீர் போனது என்று நல்லம்மா வந்து சொன்னபோது, கொட்டிலில் ஏதோ குழந்தை பிறந்ததுபோல எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதற்கடுத்த நாள் கஞ்சி கேட்டாள். சோமசேகரம் யசிந்தாவைக் கும்பிட்டார். கும்பிட நேரம் இருந்தால் கரியை இடியும் என்று அவள் சொன்னாள். அவர் போய் இடித்தார்.

நல்லம்மாவின் தம்பி அருளம்பலம் பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில் வந்தான். தமக்கை வீட்டில் பாடு எப்படி என்று பார்க்க வந்தவன். களைத்திருந்தான். வழக்கம்போல நேரே கிணற்றடிக்குத்தான் போனான். கயிறும் இல்லை, வாளியும் இல்லை.

"அத்தான், வாளி எங்கை? உங்கடை தண்ணியை நினைச்சுக்கொண்டுதான் இவ்வளவு தூரமும் உழக்கினனான்."

விறாந்தையிலும் கொட்டிலிலும் ஆட்கள் இருந்தார்கள். அவனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆழ்வாப்பிள்ளை அங்கேயே நின்று சொன்னார்.

"கிணறு சரியில்லை. குடியாதை."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன். மழைக்குள்ளை இறைச்சுக் குழித் தண்ணியை உள்ளுக்கு இழுத்தது நான்தான். ஒரு பிள்ளை சாகப் பாத்தது."

அருளம்பலம் அவர் முகத்தைப் பார்த்தான். பகிடி இல்லை. அவர் அவனை விறாந்தை மூலைக்குக் கூட்டிப்போனார். யசிந்தா ஒரு பானையிலிருந்து மற்றப் பானைக்கு உயர்த்தி ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள். அருளம்பலம் அவளைப் பார்த்தான், கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தான், பிறகு அத்தானின் காதுக்குள், ஆருடைய கைத் தண்ணீர் என்று கேட்டான்.

"யசிந்தாவின்ரை" என்றார் ஆழ்வாப்பிள்ளை. காதுக்குள் சொல்லவில்லை. "பானைக்குள்ளை போகாத கை."

"அகப்பையை நிலத்திலை வைக்கவேண்டாம் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள் யசிந்தா, திரும்பாமல்.

ஆழ்வாப்பிள்ளை அகப்பையால் எடுத்து ஒரு பேணியில் ஊற்றினார். தான் கொஞ்சம் குடித்தார். மீதியை நீட்டினார். அருளம்பலம் வாங்கிக் குடித்தான்.

"சப்பெண்டு கிடக்கு, அத்தான்."

"ஓம்" என்றார் அவர். "குடி."